எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பெண்களுக்கான தாதுச்சத்து: எதை, எவ்வளவு, எப்போது

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணுக்குத் தாதுச்சத்து குறையும்போது, மாத்திரை சாப்பிடவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பல நேரங்களில் மாத்திரை வீட்டில் இருக்கும், அவரும் தவறாமல் சாப்பிட்டிருப்பார். ஆனால் இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கியிருப்பார். அல்லது அந்த மாத்திரை, சத்து உறிஞ்சப்படும் இடத்தைத் தாண்டிப் போய்க் கரையும் வகையாக இருக்கும். அல்லது மாதாமாதம் போகும் ரத்தத்தை யாருமே கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கீழே உள்ள அளவுகள் குறைபாடு வராமல் தடுக்க, வயது வந்த பெண்களுக்கானவை. குறைபாடு ஏற்கெனவே வந்துவிட்டால் அளவு வேறு. அதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். சிறுநீரக நோய், தலசீமியா, உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்கள் எதையும் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

குடலில் எது எங்கே மாறியது

இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் முன்சிறுகுடலிலும் அதை ஒட்டிய பகுதியிலும். தாமிரம் இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும், துத்தநாகம் முன்சிறுகுடலிலும் அடுத்த பகுதியிலும் உள்ளே போகின்றன. கால்சியத்தை வைட்டமின் டி-யின் துணையோடு முனைப்பாக இழுத்துக்கொள்ளும் இடமும் முன்சிறுகுடல்தான். பைபாஸில் (இரைப்பையைச் சிறு பையாக்கி, குடலின் முன்பகுதியைத் தாண்டி இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில்) உணவு இந்தப் பாதையில் போவதே இல்லை. அதனால் பைபாஸ் செய்தவர் எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் உணவை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிக் குழாய்போல ஆக்கும் வகை) செய்தவர்களுக்குக் குடல் அப்படியே இருக்கிறது. ஆனால் இரைப்பையின் பெரும்பகுதி போய்விடுவதால் அமிலச் சுரப்பு குறைகிறது. தாவர உணவில் உள்ள இரும்பு கரைந்து உறிஞ்சத் தக்க வடிவத்துக்கு மாற அமிலம் வேண்டும். கால்சியம் கார்பனேட் கரையவும் அமிலம் வேண்டும். அதோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தொடர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். “எனக்கு ஸ்லீவ்தானே, குடலைத் தொடவே இல்லையே” என்று மாத்திரையை நிறுத்துவது சரியல்ல. சாப்பாட்டின் அளவும் அப்போது மிகச் சிறியது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒற்றை இணைப்பு பைபாஸில் (குடலை ஓரிடத்தில் மட்டும் இணைக்கும் வகை) தாண்டிவிடப்படும் குடலின் நீளம் வழக்கமான பைபாஸைவிடப் பொதுவாக அதிகம். ஸ்லீவோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் தாண்டிவிடும் டியோடினல் ஸ்விட்ச் வகையில் இழப்பு எல்லாவற்றிலும் அதிகம். உங்களுக்குச் செய்தது எந்த வகை, எத்தனை சென்டிமீட்டர் குடல் தாண்டிவிடப்பட்டது என்பதை அறுவை சிகிச்சைக் குறிப்பிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது.

இரும்பு: பெண்களுக்கு முதல் கவலை

1 மி.லி. ரத்தத்தில் ஏறத்தாழ 0.4 முதல் 0.5 மி.கி. இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிலக்கில் 80 மி.லி. போனால் 30 முதல் 40 மி.கி. இரும்பு உடலைவிட்டுப் போகிறது. விழுங்கும் இரும்பில் சிறு பகுதிதான் உள்ளே சேரும் என்பதால், இதை ஈடுகட்ட விழுங்க வேண்டியது இதைப் போலப் பல மடங்கு.

மாதவிலக்கு வரும் பெண்களும், ஸ்லீவ், பைபாஸ், டியோடினல் ஸ்விட்ச் செய்தவர்களும் நாளொன்றுக்கு 45 முதல் 60 மி.கி. தனிம இரும்பு எடுக்க வேண்டும். மல்ட்டிவைட்டமினில் இருக்கும் இரும்பையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

தனிம இரும்பு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது இரும்பு சேர்ந்த உப்பின் (சேர்மத்தின்) மொத்த எடையாக இருக்கலாம். ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. என்றால் அதில் உள்ள இரும்பு 65 மி.கி. மட்டுமே. ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. “தனிம இரும்பு இவ்வளவுக்குச் சமம்” என்று சிறிய எழுத்தில் இருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள். அது இல்லையென்றால் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

மெல்ல மெல்லக் கரையும் வகையும், குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு பூசிய வகையும் வேண்டாம். வயிற்றுக்கு இதமானது என்று சொல்லி இவற்றைத் தருவார்கள். உங்களுக்கு அவை கரையும்போது உறிஞ்ச வேண்டிய இடம் பின்னால் போயிருக்கும். கம்மி மிட்டாய் வடிவ மல்ட்டிவைட்டமின்களில் இரும்பு பெரும்பாலும் இருப்பதே இல்லை. அவற்றை நம்பி ஓர் ஆண்டு ஓட்டுவது ரத்தசோகைக்கு வழி.

எப்படிச் சாப்பிடுவது? காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, முடிந்தால் வைட்டமின் சி-யோடு. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி, பால் கூடாது. கால்சியத்துக்கும் இதற்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி. அமில முறிப்பு மருந்துகளுக்கும் இதே விதி.

குமட்டல், மலச்சிக்கல் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள். செய்யக்கூடியவை பல உண்டு: கொஞ்சம் உணவோடு எடுப்பது, வேறு இரும்பு உப்புக்கு மாறுவது, சொட்டு மருந்துக்கு மாறுவது, மருத்துவரிடம் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது. கடைசியாகச் சொன்னதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஏறத்தாழ ஒரு நாளுக்கு அது அடுத்த வேளை இரும்பின் உறிஞ்சலை மட்டுப்படுத்துகிறது. இதனால்தான் ஒரே நாளில் மூன்று வேளை இரும்பு என்பது மூன்று மடங்கு பலன் தருவதில்லை.

மலம் கருமையாவது இரும்பினால், அதற்குப் பயப்பட வேண்டாம். தார்போல ஒட்டும், கெட்ட நாற்றமடிக்கும் கருமலமும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அது இரும்பு செய்த வேலை அல்ல; இணைப்பு இடத்தில் புண் ஏற்பட்டு ரத்தம் கசியலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிலக்கு வலிக்காக இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் இருந்தால், பைபாஸுக்குப் பின் அவற்றைத் தவிர்ப்பது இந்தப் புண்ணுக்காகத்தான். பாராசிட்டமால் போதவில்லையென்றால் வலிக்கு வேறு வழி கேளுங்கள்.

குறைபாடு வந்தபின் வாய்வழி இரும்பு தொடங்கினால், நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரையை மாற்றி மாற்றி மாதங்களை வீணாக்க வேண்டாம். நரம்பு வழி இரும்பு பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. அதில் ஃபெரிக் கார்பாக்ஸிமால்ட்டோஸ் வகை, சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைத்துவிடும். வைட்டமின் டி குறைந்திருக்கும் உடலில் இது இன்னும் எளிதாக நடக்கும். மருந்து ஏற்றிய சில வாரங்களில் சோர்வு குறைவதற்குப் பதில் கூடி, தசைத் தளர்ச்சியும் எலும்பு வலியும் வந்தால் பாஸ்பேட் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

மாதவிலக்கையும் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும்

எடை குறையும்போது பல பெண்களுக்கு, குறிப்பாகச் சினைப்பை நீர்க்கட்டி இருந்தவர்களுக்கு, நின்றுபோன அல்லது தள்ளித் தள்ளி வந்த மாதவிலக்கு ஒழுங்காகிறது. அது நல்ல செய்திதான், ஆனால் இரும்பு இழப்பும் அங்கிருந்தே மாதாமாதம் தொடங்குகிறது. 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கு ஒருமுறை அல்லது இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, 2.5 செ.மீ.க்குப் பெரிய கட்டிகள் போனாலோ அது அதிக உதிரப்போக்கு. இரும்பை மட்டும் கூட்டிக்கொண்டே போவது தீர்வல்ல. மகளிர் மருத்துவரைப் பார்த்து உதிரப்போக்கைக் குறைக்க வேண்டும்.

கருத்தடை முறையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இது கணக்கில் வர வேண்டும். காப்பர்-டி பலருக்கு உதிரப்போக்கைக் கூட்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் அதைக் குறைக்கும். பைபாஸ் போன்ற உறிஞ்சலைக் குறைக்கும் சிகிச்சைக்குப் பின் கருத்தடை மாத்திரை முழுமையாக உள்ளே போகுமென்ற உறுதி இல்லை என்பதால், வாய்வழி அல்லாத முறைகளே பரிந்துரைக்கப்படுகின்றன. கருவுறுதலும் எடையோடு சேர்ந்து திரும்பிவிடுகிறது என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

கால்சியம்: ரத்தம் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

ஸ்லீவ், பைபாஸுக்கு நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மி.கி.; டியோடினல் ஸ்விட்ச் என்றால் 1800 முதல் 2400 மி.கி. உணவில் கிடைப்பதும் சேர்த்துத்தான். ஒரே வேளையில் 500 முதல் 600 மி.கி.க்கு மேல் எடுத்தால் மிச்சம் வீண், அதனால் பிரித்துத்தான் சாப்பிட வேண்டும்.

சிட்ரேட்டா, கார்பனேட்டா? முடிந்தால் சிட்ரேட். அதற்கு அமிலம் தேவையில்லை, சாப்பாட்டோடும் எடுக்கலாம், தனியாகவும் எடுக்கலாம். கார்பனேட் என்றால் கட்டாயம் உணவோடு. கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம், சிட்ரேட்டில் 21 சதவீதம்தான். எனவே சிட்ரேட் மாத்திரை பெரியதாக இருக்கும், எண்ணிக்கையும் கூடும். 1250 மி.கி. கார்பனேட்டும் 500 மி.கி. கால்சியமும் ஒன்றே. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு சிட்ரேட்டை உணவோடு எடுப்பதில் கூடுதல் லாபம் உண்டு. பைபாஸுக்குப் பின் உறிஞ்சப்படாத கொழுப்பு குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. துணையில்லாமல் நிற்கும் ஆக்ஸலேட் ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரில் கல்லாகிறது. சாப்பாட்டோடு கால்சியம் இருந்தால் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே கட்டிப் போட்டுவிடும். கல் வந்ததற்காகக் கால்சியத்தை நிறுத்துவது நேர்மாறான வேலை.

வைட்டமின் டி இல்லாமல் இந்தக் கால்சியம் பயன்படாது. ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி 30 நானோகிராமைத் தாண்டும்வரை நாளொன்றுக்கு 3000 யூனிட் டி3 என்பது வழக்கமான தொடக்க அளவு.

ரத்தத்தில் கால்சியம் இயல்பாக இருக்கிறது என்ற ஒரு வரியை வைத்து நிம்மதியடைய வேண்டாம். உணவில் வரவு குறைந்ததும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் அளவைக் காப்பாற்றிவிடும். எலும்பு மெலிந்துகொண்டே இருக்கும், அறிக்கையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே கால்சியத்தோடு பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், அல்புமின் நான்கும் வேண்டும். ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான அல்புமின் குறைவாக இருந்தால் மொத்தக் கால்சியம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 4-இலிருந்து அல்புமினைக் கழித்து 0.8-ஆல் பெருக்கி, வந்ததைக் கால்சியத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவும் எடைக் குறைவும் ஒரே எலும்பை இரண்டு பக்கமும் அரிக்கின்றன. இரண்டாம் ஆண்டில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு மெலிவுக்கு மருந்து தேவைப்பட்டால், புண் ஏற்படும் அபாயத்தால் வாய்வழி பிஸ்பாஸ்பனேட் பொருத்தமற்றது. ஊசி வடிவம் உண்டு. அதற்குமுன் வைட்டமின் டி-யையும் கால்சியத்தையும் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தக் கால்சியம் சடாரென்று இறங்கும். முன்பு தைராய்டு சுரப்பியை அகற்றியிருப்பவர்களுக்கும் இந்த இறக்கம் கடுமையாக வரலாம். வாயைச் சுற்றி ஊசி குத்துவதுபோல இருந்தாலோ, கைவிரல்கள் இறுகி மடங்கினாலோ உடனே அவசர சிகிச்சை.

ஒரு நாளை அடுக்குவது

நாளொன்றுக்குக் கால்சியம் மூன்று வேளை, இரும்பு ஒரு வேளை, மல்ட்டிவைட்டமின் ஒரு வேளை என்று வைத்துக்கொள்வோம். மல்ட்டிவைட்டமினிலும் இரும்பு இருக்கிறது, எனவே அதுவும் கால்சியத்தோடு சேரக் கூடாது.

காலை 7 மணி: இரும்பு, தண்ணீரோடு. காலை உணவு 8 மணிக்கு. டீ, காபி அதற்குப் பிறகு.
10 மணி: கால்சியம் 500.
மதியம் 1 மணி: சாப்பாட்டோடு மல்ட்டிவைட்டமின்.
மாலை 5 மணி: கால்சியம் 500.
இரவு 8:30: சாப்பாட்டோடு கால்சியம் 500.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. தைராக்ஸினுக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலை 6 மணிக்குத் தைராக்ஸின் என்றால் இரும்பு 10:30-க்கு, கால்சியம் மதியச் சாப்பாட்டோடும் மாலை 5 மணிக்கும், மல்ட்டிவைட்டமின் இரவு 8 மணிக்கு, கடைசிக் கால்சியம் படுக்கப்போகும்போது. ஒவ்வொரு நேரத்துக்கும் கைபேசியில் மணியடிக்கட்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிப்பாக விழுங்காதீர்கள்.

முதல் சில வாரங்களுக்கு மென்று தின்னும் வகை அல்லது திரவ வகை. சாப்பாட்டோடு தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதால் மாத்திரைக்கு இரண்டு மூன்று மிடறு போதும்.

துத்தநாகமும் தாமிரமும்: முடி கொட்டும்போது நடக்கும் தவறு

அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். வேகமான எடை இழப்புக்கு உடல் தரும் எதிர்வினை அது. பெரும்பாலும் தானாக அடங்கும். அந்தப் பதற்றத்தில் பெண்கள் கடைக்குப் போய் ஜிங்க் (துத்தநாக) மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுவதுதான் எங்களுக்குக் கவலை தருகிறது. துத்தநாகம் அதிகமானால் குடல்சுவர்ச் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைக் கூடுதலாக உருவாக்கும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இறுகப் பிடிக்கும். செல் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு வெளியேறிவிடும்.

தாமிரம் குறைந்தால் வரும் ரத்தசோகை இரும்புக்கு அசையாது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவும் குறையும். பிறகு பாதத்தில் மரத்துப்போதல், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம். பி12 குறைவும் இப்படியே இருக்கும் என்பதால் பி12 மட்டும் போட்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள். தாமிரம் கொடுத்தால் ரத்த அணுக்கள் மீளும். நரம்புச் சேதம் முழுதாக மீளும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இதில் தாமதம் கூடாது என்கிறோம்.

விகிதம் இதுதான்: 1 மி.கி. தாமிரத்துக்கு 8 முதல் 15 மி.கி. துத்தநாகம். பைபாஸ், டியோடினல் ஸ்விட்ச் செய்தவர்களுக்குத் தாமிரம் 2 மி.கி., ஸ்லீவுக்கு 1 மி.கி. துத்தநாகம் ஸ்லீவுக்கு 8 முதல் 11, பைபாஸுக்கு 8 முதல் 22, டியோடினல் ஸ்விட்சுக்கு 16 முதல் 22 மி.கி. இவை நல்ல மல்ட்டிவைட்டமினிலேயே அடங்கிவிடும். தாமிரம் குளுக்கோனேட்டாகவோ சல்ஃபேட்டாகவோ இருக்கட்டும், ஆக்ஸைடு சரியாக உறிஞ்சாது. 220 மி.கி. ஜிங்க் சல்ஃபேட்டில் 50 மி.கி. துத்தநாகம் இருக்கிறது, அதை மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், தாமிரத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

துத்தநாகம் உண்மையிலேயே குறைவதும் உண்டு. ருசி தெரியாமல் போவது, புண் ஆறாமல் இழுப்பது, வாயோரத் தடிப்பு இவை அடையாளம்.

மக்னீசியம் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரையும் வயிற்றுப்போக்கும் அதை இறக்கும். மக்னீசியம் குறைந்திருக்கும்போது பொட்டாசியமும் கால்சியமும் என்ன கொடுத்தாலும் ஏறாது. செலினியம், காரணம் தெரியாத இதயத் தசைத் தளர்ச்சியோ நீடித்த வயிற்றுப்போக்கோ இருந்தால் பார்க்க வேண்டியது.

பரிசோதனை அறிக்கையில் ஏமாறாமல் இருக்க

முதல் ஆண்டில் 3, 6, 12 மாதங்களில், பிறகு வாழ்நாள் முழுதும் ஆண்டுக்கொரு முறை.

ஹீமோகுளோபின் இறங்குவதற்கு வெகு முன்பே, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இறங்கிவிடும். 30-க்குக் கீழே என்றால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது. ஆனால் உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும்; அதனால் சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் பரிசோதனை) டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) சேர்த்துப் பாருங்கள். செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், ஃபெரிட்டின் 60 என்று இருந்தாலும் நம்பக் கூடாது. ஐஸ் கட்டியைக் கடிக்க வேண்டும்போல அடங்காத ஆசை வருவதும் இரும்புக் குறைவின் அறிகுறியே.

தாமிர அளவை ஈஸ்ட்ரோஜன் கூட்டிக் காட்டும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் இயல்பான அளவு என்பது உண்மையில் குறைவாக இருக்கலாம். துத்தநாகம் வெறும் வயிற்றில் காலையில், நுண்தாதுக்களுக்கான தனிக் குழாயில் எடுக்கப்பட வேண்டும். முடிக்காகப் பயோட்டின் எடுத்தால் தைராய்டு முதலான பல பரிசோதனைகளின் முடிவு திரியும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தி, ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பம்

அறுவை சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் காத்திருப்பது நல்லது. எடை இறங்கிக்கொண்டிருக்கும் உடலில் இரண்டு பேருக்குச் சத்து போதாது. கருவுற்றபின் ஒவ்வொரு மூன்று மாதமும் இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12, துத்தநாகம், தாமிரம் பார்க்க வேண்டும். வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் வேண்டாம், பீட்டா கரோட்டினாக இருக்கட்டும். வாந்தி விடாமல் தொடர்ந்தால் தாதுக்களைவிட முதலில் தயமின் (வைட்டமின் பி1) வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

புதிதாகப் பார்க்கும் எந்த மருத்துவரிடமும் காட்ட ஒரு தாள் கையில் இருக்கட்டும். சிகிச்சையின் வகை, தேதி, தாண்டிவிடப்பட்ட குடலின் நீளம், தினமும் எடுக்கும் தனிம இரும்பின் அளவு, கடைசி ஃபெரிட்டின், கடைசி பாராதைராய்டு ஹார்மோன் அளவு. கீழே மூன்று வரி: இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை வேண்டாம். மேல்பூச்சு பூசிய இரும்பு வேண்டாம். பைபாஸ் செய்தவர் என்பதால், கர்ப்பகாலத்தில் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டாம், மயக்கமும் படபடப்பும் வரும். 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கலாம்.